துண்டுக்கடியில் ஒரு வலி

"உங்க ஆளு என்னைக் கொல்லப் பார்த்தானுங்க" என்றார் சென்னியப்பன்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க."

"உக்கார முடிஞ்சா நான் எதுக்குங்க இங்க வர்றேன்?"

"அப்ப நில்லுங்க."

நின்றார்.

பொள்ளாச்சியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் தாய்லாந்து மசாஜ் கடை. நடத்துகிறவர் பெயர் சோம்ஜித். தாய்லாந்துக்காரர். தென்னைநார் வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தமிழை இங்கேயே கற்றார். அதனால் அவருடைய மரியாதையும் இந்த ஊர், வசவும் இந்த ஊர். நாலு பேருக்குத் தொழில் பழக்கிவிட்டவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர்.

சென்னியப்பன் மாட்டுத் தரகர். வயது அறுபத்தொன்று. டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொன்னதற்கு, கோயமுத்தூரில் இருக்கும் மகள் போனிலேயே இந்தக் கடையில் நேரம் வாங்கி அனுப்பிவைத்தாள். போனார். படுத்தார். இரண்டு மணி நேரம். அது திங்கட்கிழமை.

இன்று வியாழன்.

"தொடையில கை வைக்க முடியலீங்க. நீலமாக் கெடக்குது. நேத்து உள்ளங்கை அகலம். இன்னைக்குச் சோத்துத் தட்டு அகலம். என் காலு நிக்குமா போகுமா? அதைச் சொல்லுங்க. தெரியாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

"யார் பிடிச்சது?"

"அந்த மிசோரம்காரர். ஆளப் பார்த்தா ஈர்க்குச்சியாட்ட இருக்கறாரு. கையப் பார்த்தா கடப்பாரை."

"சங்கா!"

சங்கா உள்ளிருந்து வந்தான். முப்பத்தைந்து வயது. டீச்சரிடம் நாலு வருஷமாகத் தொழில் கற்கிறான். இன்னும் கற்று முடியவில்லை என்பது டீச்சரின் கருத்து. முடிந்துவிட்டது என்பது அவன் கருத்து.

"இவரை எப்படிப் பிடிச்சே?"

"மெதுவா ஆரம்பிச்சேன் டீச்சர். வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னார். கட்டை விரல் வெச்சேன். வலிக்குதா? இல்லை. முழங்கை வெச்சேன். இல்லை. முட்டி வெச்சேன். இல்லை."

"அப்புறம்?"

"மேல ஏறி நின்னேன்."

"அப்ப என்ன சொன்னார்?"

"'அவ்வளவுதானா'ன்னு கேட்டார்."

டீச்சர் சென்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்ப வலிச்சுதா?"

"உசுரே போச்சுங்க."

"பின்ன ஏனுங்க சொல்லல?"

சென்னியப்பனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"எப்படிங்க சொல்லுவேன்? எதிராளி கேட்டதும் பதிலைச் சொல்லிட்டா அப்புறம் பேரம் எங்க இருக்குது?"

"அவன் எதிராளியா?"

"மேல ஏறி நிக்கறவன் பின்ன யாருங்க?"

இதில் அவரைக் கோபித்துப் பயனில்லை. நாற்பது வருஷமாகப் பொள்ளாச்சிச் சந்தையில் நிற்கிறவர். வெறுங்கையோடு வந்து நின்று, மூன்று முறை ஏமாந்து, நாலாவது முறையிலிருந்து ஏமாறாதவர். அந்த முகத்தைப் பார்த்து விலையைக் கண்டுபிடித்தவன் இதுவரை கிடையாது. ஒருமுறை ஒரு காளை அவர் காலை மிதித்துக்கொண்டே நின்றது. விலை முடிகிற வரைக்கும் அவர் மாட்டையும் நகர்த்தவில்லை, காலையும் இழுக்கவில்லை.

சந்தையில் அது திறமை. பாயில் படுத்துக்கொண்டு அதையே செய்தால் அதற்குப் பெயர் வேறு.

டீச்சர் சங்காவிடம் கேட்டார்.

"படுத்திருக்கறவங்க முகத்துல ஒன்னுமே தெரியலைன்னா என்ன பண்ணச் சொல்லியிருக்கேன்?"

"நிறுத்தச் சொல்லியிருக்கீங்க."

"நீ என்ன பண்ணே?"

"ஏறி நின்னேன்."

"ரெண்டு பேரும் நல்லாச் சேர்ந்தீங்க" என்றார் டீச்சர்.

பிறகு மேஜையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். படுப்பதற்கு முன்னால் எல்லோரும் எழுதிக்கொடுக்க வேண்டிய படிவம். நோய் உண்டா? ஆபரேஷன் உண்டா? மாத்திரை உண்டா? ஒன்பது கேள்விகள். ஒன்பதையும் ஒரே கோட்டில் அடித்து, 'எதுவும் இல்லை' என்று சென்னியப்பன் எழுதியிருந்தார்.

"இது நிஜமா?"

"மாட்டை விக்க வந்தவன் அதோட குறையை எழுதியா கொடுப்பான்?"

"நீங்க மாடா?"

சென்னியப்பன் யோசித்தார்.

"சரி. பத்துக்கு எத்தனை வலி? ஒன்னுன்னா எறும்புக்கடி. பத்துன்னா தாங்கவே முடியாது."

"ரெண்டு."

"சோத்துத் தட்டு அகலம் நீலமாக் கெடக்குது. ரெண்டா?"

"சரி, ரெண்டே காலா வெச்சுக்குங்க."

டீச்சர் பெருமூச்சு விடவில்லை. பதினெட்டு வருஷம் வியாபாரி வீட்டில் குடித்தனம் பண்ணியவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சென்னியப்பனுக்கு எதிரில் வந்து நின்று கையை நீட்டினார்.

"தோள்ல இருக்கற துண்டை எடுங்க."

"எதுக்குங்க?"

"போடுங்க கை மேல."

சென்னியப்பன் ஓரடி பின்னால் போனார்.

"பொம்பளையோட நான் துண்டு போட்டதில்லீங்க."

"எங்கிட்ட மாடும் இல்ல. போடுங்க."

சந்தைக்குப் போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். சுற்றி நிற்பவனுக்குக் கேட்டுவிடும். இரண்டு பேரும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. வெளியே இரண்டு முகமும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் எத்தனை பொய் சொன்னாலும், துண்டுக்குள் முடிந்த பேச்சை எவனும் மாற்ற மாட்டான்.

துண்டு விழுந்தது.

"எத்தனை வலி?" என்று டீச்சர் கேட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

சென்னியப்பன் ஒரு விரலைப் பிடித்தார்.

டீச்சர் அவர் கையை முழுசாகப் பிடித்தார். விட்டு, மறுபடியும் முழுசாகப் பிடித்தார்.

சென்னியப்பன் உதறினார். மூன்று விரல்.

டீச்சர் ஒன்பது.

நாலு.

எட்டு.

சங்கா கதவோரம் நின்று பார்த்தான். இரண்டு பேர் ஒரு துண்டுக்கடியில் கையை வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கிறார்கள். விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் அதில் தெளிவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஐந்தில் சென்னியப்பனின் கை நின்றது.

டீச்சர் ஒன்றும் செய்யவில்லை. விரல்களைத் தளர்த்தி, அப்படியே வைத்திருந்தார். அவசரமில்லாத கை.



பிறகு சென்னியப்பன் டீச்சரின் கையை முழுசாகப் பிடித்தார். விட்டார். மறுபடியும் முழுசாகப் பிடித்தார். இந்தத் தடவை விடவில்லை.

முகம் அதே முகம். பிடி மட்டும் இறுகியது.

"பத்தா?"

"பத்துங்க."

"வீட்டுல எண்ணெய் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"சம்சாரம் தேய்க்கிறேன்னு கிண்ணத்தோட வந்தாளுங்க. வலியே இல்ல, போடின்னுட்டேன்."

"நீங்க சொன்ன பொய்யிலயே உருப்படியானது அது ஒன்னுதான்" என்றார் டீச்சர். "தேய்ச்சிருந்தா நீலம் இன்னும் பரவியிருக்கும். கையை எடுக்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?"

துண்டுக்குள் கை மூடிக்கொண்டது. ஒன்றுமில்லை என்று பொருள்.

டீச்சர் விடவில்லை.

ஒரு விரல் வந்தது.

டீச்சர் விடவில்லை.

இரண்டு. மூன்று. நீண்ட தயக்கத்துக்குப் பிறகு, நாலு.

"நாலு. எதுஎதுக்கு?"

"சக்கரைக்கு ஒன்னு. பிரஷருக்கு ஒன்னு. கொழுப்புக்கு ஒன்னு."

"நாலாவது?"

சென்னியப்பன் கதவைப் பார்த்தார். சங்காவைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க. போன வருஷம். ரத்தம் உறையாம இருக்கறதுக்கு அந்த மாத்திரை. சந்தையில ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னையே நிக்க வெச்சுப் பல்லைப் புடிச்சுப் பார்ப்பானுங்க."

டீச்சரின் கை துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

சென்னியப்பனின் தொடையைத் தொடவில்லை. நீலத்தைக் காட்டச் சொல்லவும் இல்லை.

"சங்கா, ஆட்டோ கூப்பிடு."

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. கழுவிவைத்த தட்டு போல இருந்தது.

"என்னங்க?" என்றார் சென்னியப்பன்.

டீச்சர் கைப்பையை எடுத்தார்.

"ஆபத்தா?"

டீச்சர் போனை எடுத்தார்.

"இல்ல, ஆபத்து இல்லையா?"

டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார்.

சென்னியப்பனின் வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரில் அப்படி ஒரு முகம். அவர் அதில் வலது ஓரத்தைப் பார்த்தார், இடது ஓரத்தைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். எங்கேயும் நுழைய வழியில்லை.

"அட, சொல்லிப்போடுங்க! வாயில வராட்டி மூஞ்சியிலயாவது காட்டுங்க! ஒன்னுமே தெரியாம மனுசன் என்னன்னு நெனைக்கிறது?"

டீச்சர் செருப்பை மாட்டினார்.

கதவோரத்தில் இருந்து சங்கா சொன்னான்.

"எனக்கும் ரெண்டு மணி நேரம் அப்படித்தான் இருந்துச்சு."

படியில் இறங்கும்போது சென்னியப்பன் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. நாலாவது படியில் சங்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏழாவது படியில், "வலிக்குதுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

சங்கா அந்தப் படியிலேயே நின்றுவிட்டான்.

"இப்ப ஏன் நிக்கறீங்க?"

"நிறுத்தச் சொல்லியிருக்காங்க" என்றான் சங்கா.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டீச்சரும் சங்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீச்சரின் முகத்தில் இப்போது எல்லாம் தெரிந்தது. கட்டை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அவர் காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நீ பிடிச்சது, நான் பழக்கினது, அவர் மறைச்சது. மூணு பேரும் சேர்ந்து தூக்கணும்."

"இனிமே வலிக்கலைன்னு சொல்றவங்களை நான் என்ன பண்றது?"

"நம்பாதே."

"வலிக்குதுன்னு சொல்றவங்களை?"

"நம்பு."

சங்கா அதை மனதில் எழுதிக்கொண்டான்.

நர்ஸ் வெளியே வந்தாள்.

"எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்னுமில்லீங்க. உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்குது. நல்லவேளை இன்னைக்கே கூட்டிட்டு வந்தீங்க. ரெண்டு நாள் இங்கயே படுக்கணும். மாத்திரைய டாக்டர் பார்த்துக்குவார், பெரியவரு தானா நிறுத்தக் கூடாது. கால் பிழைச்சுது. ஆனா இனிமே யாரும் அழுத்திப் பிடிக்கக் கூடாதுன்னுட்டார்."

டீச்சர் நகத்தை விட்டார்.

"பார்க்கலாமா?"

"கொஞ்சம் இருங்க. டாக்டர் கடைசியா ஒரு தடவை பரிசோதனை பண்றார்."

கதவு பாதி திறந்திருந்தது. டாக்டரின் குரல் கேட்டது.

"பெரியவரே, வீக்கம் எதுவரைக்கும் இருக்குதுன்னு பார்க்கணும். வலிச்சா உடனே சொல்லிடணும். சரிங்களா?"

"சரிங்க."

கட்டில் கிறீச்சிட்டது.

"அய்யோ! அம்மா! செத்தேன்! விடுங்க சாமி, விடுங்க! உசுரு போகுது!"

மருந்து வாங்க நின்ற வரிசை மொத்தமும் திரும்பியது. நர்ஸ் கையில் இருந்த தாளைக் கீழே போட்டாள். சங்கா எழுந்து நின்றுவிட்டான்.



பிறகு டாக்டரின் குரல்.

"நான் இன்னும் கையே வைக்கலீங்களே."