கை காயும் நேரம்

குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு அறுபத்திரண்டு. குரு சீடரை 'சார்' என்று கூப்பிடுவார், சீடர் குருவை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி வீட்டில் நான்கு வருடமாக இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது.

டீச்சரின் பெயர் பூங்கோதை. ஸ்பெயினில் ஸரகோசா என்ற நகரத்தில் ஒன்பது வருடம் நூலக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சாரின் பெயர் இஞ்ஞாசிமுத்து. ரயில்வேயில் செக்‌ஷன் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எது எதற்கு வழிவிட வேண்டும் என்று முப்பத்து மூன்று வருடம் போனில் உத்தரவு போட்ட மனிதர்.

"என் பேரே அந்த ஊர்ப் புனிதர் பேருதான் டீச்சர். அங்க என்ன பாஷை பேசுறாங்கன்னு தெரியாமலே செத்துப் போனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டுதான் முதல் நாள் வந்து சேர்ந்தார்.

முதல் வருடம், வளர்ந்த தெருவைப் பற்றி ஸ்பானிஷில் ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று டீச்சர் சொன்னார். சார் எழுந்து நின்றார். "எங்கள் தெரு நீளமானது. அதில் நாற்பது வீடுகள். வண்டிகள் நேரத்துக்கு ஓடின." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். இலக்கணத்தில் ஒரு தப்பு இல்லை.

லேசுப்பட்ட ஆள் இல்லை அவர். அடுத்த மூன்று வருடத்தில் ஒரு நாவலையே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இந்தக் காலத்து ஸ்பானிய நாவல் அது. ஒரு சின்ன ஊர். எண்பது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் சுட்டுப் புதைக்கப்பட்டவர்களை, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாகக் குழி வெட்டித் தேடுகிறார்கள். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போர் முடிந்து, சர்வாதிகாரம் வந்து, அதுவும் போய், பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு குடும்பம் சாப்பிட உட்காருகிறது. வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாமல் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்ட முப்பத்தைந்து வயது மகன், ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போய் லீவில் வந்திருக்கும் மகள், எழுபது தாண்டிய அம்மா. அந்த அம்மா ஒரு வாக்கியம் சொல்கிறாள்: "பள்ளிக்கூட வாத்தியார் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது என் அப்பாதான்."

நாவலின் உயிரே அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

பூங்கோதை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அச்சுக்குப் போகும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கெடு. இஞ்ஞாசிமுத்து பங்குக் கோயில் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் தருவதாகப் பங்குச்சாமியாரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அறுபத்திரண்டு வயதில் முதல் புத்தகம். அதனால் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது, கையெழுத்துப் போடுவதற்குப் புதுப் பேனா ஒன்றும் வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு பன்னிரண்டரைக்கே போய் நின்றார்.

கைப்பிரதி மேசைமேல் இருந்தது.

"பதினோரு பக்கத்தைக் காணோமே சார்."

"காணாமப் போகலை டீச்சர். நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"சாப்பாடு முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் பதினோரு பக்கம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்காங்க. பழம் இனிப்பா இருக்குங்கிறான் மகன். காபி ஆறிப்போச்சுங்கிறா மகள். சிந்தின ரொட்டித் தூளை அந்த அம்மா விரலால ஒதுக்குறா, மறுபடி ஒதுக்குறா. சிக்னல் பச்சையா இருக்கு, வண்டி நடுக்காட்டுல நிக்குது. நான் கிளப்பி விட்டுட்டேன். சாப்பிட்டு முடிச்சா, சொன்னா. இப்ப எப்படி விறுவிறுன்னு போகுது பாருங்க!"

அவர் குரலில் துளிச் சந்தேகம் இல்லை. நல்ல காரியம் செய்தவரின் நிமிர்வு இருந்தது.

"அங்க அப்படித்தான் சார். சாப்பிட்டதும் எழுந்திருக்க மாட்டாங்க. மேசையிலேயே மணிக்கணக்கா உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க. அதுக்குத் தனிப் பேரே இருக்கு, சோப்ரமேசான்னு."

"தெரியும் டீச்சர், அகராதியில பார்த்தேன். அது அவங்க வழக்கம். நம்ம ஆளு கடைசிக் கவளம் தொண்டையில இறங்குறதுக்குள்ள குழாய்கிட்ட நிப்பான். அவனுக்கு எதுக்கு இது? நான் ஒண்ணு கேக்குறேன். சொல்லப் போறவ சொல்லிட வேண்டியதுதானே? எதுக்குப் பதினோரு பக்கம் காத்திருக்கணும்?"

பூங்கோதை கைப்பிரதியை மூடி ஓரமாக வைத்தார்.

"சாப்பிடலாம் வாங்க சார்."

"கையெழுத்து?"

"சாப்பிட்டு எழுந்ததும்."

பூங்கோதையின் அம்மா பரிமாறினார். மாங்காய் போட்ட கெண்டைமீன் குழம்பு, முட்டைகோஸ் பொரியல், ரசம். போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இரண்டாம் தடவையும் குழம்பு ஊற்றிவிட்டு, கண் அசத்துகிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இஞ்ஞாசிமுத்து தட்டை வழித்து முடித்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"உட்காருங்க சார்."

"கை கழுவிட்டு வந்துடுறேன்."

"நானும்தான் கழுவலை. உட்காருங்க."

சாப்பிட்ட கை காய உட்காரக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். ஆனால் சொல்வது டீச்சர். வலது கையைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். இடது கையில் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது.

"மேசைங்கிற சொல்லே அந்தப் பக்கத்துலேருந்து கப்பலேறி வந்ததுதான் சார்" என்றார் பூங்கோதை. "சொல்லை வாங்கிக்கிட்டோம். உட்காருறதை விட்டுட்டோம்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். விரல் இடுக்கில் குழம்பு இறுக ஆரம்பித்தது.

"ஃபேன் சத்தம் போடுது டீச்சர். பேரிங் போயிருக்கும்."

"ஆமா, ரொம்ப நாளா."

"கெண்டையில ருசி இருக்கு. முள்ளுதான் ஜாஸ்தி."

"ம்."

"எனக்கு இந்த இடது முட்டி இருக்கே, மாடிப்படி ஏறினா ஒரு சத்தம் வருது. டாக்டர் நடங்கங்கிறார். நடந்தா வலிக்குது. நடக்காட்டியும் வலிக்குது."

பூங்கோதை சிரித்தார். அவரும் சிரித்தார். தெருவில் ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டு போய்த் தேய்ந்தது. மேசையில் சிந்தியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை அவர் இடது கை விரலால் ஓரமாகத் தள்ளினார். அது நின்ற இடம் பிடிக்காததுபோல இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"குழம்புல மாங்காய் போடுறது அம்மா பழக்கமா?"

"ஆமா சார்."

"சின்ன வயசுல எங்க ரயில்வே காலனியில ஒரே ஒரு வீட்டுலதான் போடுவாங்க. பக்கத்து வீடு. சாரதாக்கா. வச்சா எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்துடும்."

அவர் பருக்கையை மறுபடி நகர்த்தினார்.

"எழுபத்து நாலு ரயில்வே ஸ்டிரைக் டீச்சர். நான் ஆறாங் கிளாஸ். சாரதாக்கா வீட்டுக்காரர் கோதண்டம் மாமா, ஃபிட்டர். யூனியன் ஆளு. போலீஸ் தேடிக்கிட்டிருந்துச்சு. எங்க அப்பா ஸ்டிரைக்ல சேரலை. வேலைக்குப் போய்க்கிட்டிருந்தார்."

"ம்."

"மாமா பின்னாடி விறகு ஷெட்ல ஒளிஞ்சிருந்தார். ரெண்டு வீட்டுக்கும் பொதுவான ஷெட். அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் தண்ணி கொண்டுபோய் வைப்பேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. போனில் உத்தரவு போட்ட குரலா இது என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"இன்ஸ்பெக்டர் வாசல்ல நின்னு அப்பாகிட்ட கேட்டார். நான் பக்கத்துல நின்னேன். அப்பா வாயைத் திறக்கலை டீச்சர். சத்தியமாத் திறக்கலை. ஒரே ஒரு தடவை ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார்."

பருக்கையை அவர் மேசை விளிம்புவரை தள்ளியிருந்தார்.

"அடுத்த மாசம் அவங்க தட்டுவண்டியில சாமான் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கேன்னு தெரியாது. மாமா ஜெயில்லேருந்து வெளிய வந்தாரா என்னன்னும் தெரியாது. நாங்க யாரும் கேக்கலை. வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. அவங்க கிண்ணம் ஒண்ணு எங்க வீட்டுலேயே தங்கிப்போச்சு. எங்கம்மா சாகுற வரைக்கும் அதுலதான் உப்பு போட்டு வச்சிருந்தாங்க."

அழுகை வந்துவிட்டது அவருக்கு. துடைக்க வலது கையைத் தூக்கியவர், மீன் வாசம் அடித்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தக் கை முழுக்கக் காய்ந்து, மடக்கினால் தோல் இழுத்தது.

"என் சம்சாரத்துகிட்டகூட இதைச் சொன்னதில்லை" என்றார். "அன்னைக்கு நீங்க தெருவைப் பத்திக் கேட்டீங்களே, அப்பவும் இது என் வாயில வரலை."

பூங்கோதை தலையாட்டினார். அவர் கையும் தட்டின் மேலேயே காய்ந்து கிடந்தது.

வெகு நேரம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தில் அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. கண்ணில் நீர் திரண்டிருந்ததால் முள் தெரியவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு டீச்சர்?"

"பதினோரு பக்கம் ஆச்சு சார்."