பள்ளத்தின் மேல் நின்ற பட்டம்

வீட்டு ஆட்கள் யாராவது வெளியே போயிருக்கும் நேரத்தில் இந்தக் கதையைப் படிக்க வேண்டாம். படித்தால் அவர்கள் வந்துசேரும்வரை உங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

மேல்மலைப் பக்கம் இருதயராஜ் என்று ஒருவர் இருந்தார். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள், எங்கெங்கோ அலைந்து வாங்கிய பழங்காலத்துச் சைக்கிள், பிறகு பட்டம். இந்த மூன்றும்தான் அவருக்கு உலகம். ஆடும் ஏறத் தயங்குகிற சரிவில் அவர் சைக்கிளில் இறங்குவார். மனைவி ரெஜினா ஞாயிறுதோறும் ஜெபமாலையும் கையுமாகப் பாறை உச்சியில் காத்திருப்பாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? "பட்டம் மேல இருக்கும்போது உனக்கு என்ன பயம்?" என்பார்.

அந்தப் பட்டத்தில் ஒரு வேலைப்பாடு இருந்தது. அதன் தலையில் சிறிய வில் ஒன்றைக் கட்டி, அதில் பனையோலை நாரைப் பூட்டியிருந்தார். காற்றில் அது பெரிய வண்டு போல ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டால் சரிவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கத்திக் கூப்பிட்டாலும் நான்கு பக்கப் பாறைகளும் திருப்பிக் கத்தும். வானத்திலிருந்து வரும் அந்த ரீங்காரம் மட்டும் திசை மாறாமல் கேட்கும். பழைய சைக்கிளை உச்சியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, டயர் இல்லாத அதன் பின்சக்கரத்தில் நூலைச் சுற்றி வைத்திருப்பார். பட்டத்தை இறக்க, பெடலைக் கையால் சுற்றினால் போதும்.

கூட வருகிறவர்களுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கீழே இருப்பவன் ரீங்காரத்தைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். அது நின்றுவிட்டால், சைக்கிளை விட்டு இறங்கி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். உச்சியில் இருப்பவர், கடைசி ஆள் மேலே வரும்வரை பட்டத்தை இறக்கக் கூடாது.

ஒரு ஞாயிறு மதியம் ரெஜினாவின் தம்பி லூர்துவும் அவரோடு கிளம்பினான்.

"மச்சான், நீங்க அந்தப் பழைய வண்டியை எடுங்க. வயசுக்குப் பொருத்தமா இருக்கும்."

"அதுக்கு மானம் ஜாஸ்திடா. கண்டவனையும் ஏத்தாது."

சிரித்துக்கொண்டே இருவரும் மலைச் சைக்கிள்களில் இறங்கினார்கள். உச்சியில் ரெஜினாவோடு இருதயராஜின் நண்பர் பாக்கியநாதன் பட்டத்துக்குக் காவல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் பனி வந்து சரிவை மூடியது.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து ஒருத்தி ஏறி வந்தாள். பிளம்ஸ் தோட்டத்துக் காவல்காரி தெய்வானை. வந்ததும் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளத்துல விழுந்து கிடந்தாரும்மா, உங்க வீட்டுக்காரரு. எங்க ஆளுங்க தூக்கிக் கொட்டாயில படுக்க வச்சிருக்காங்க. உசிரு இல்லம்மா."

"என் தம்பி?"

"இன்னொருத்தரை நாங்க பார்க்கலையே."

ரெஜினாவுக்கு அழவும் முடியவில்லை. போனவருக்காக அழ உட்கார்ந்தால், பனிக்குள் இருக்கிறவனை யார் பார்ப்பது?

அப்போதுதான் காற்று நின்றது. புல் நுனிகூட அசையவில்லை. பட்டம் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. பழைய சைக்கிளின் பின்சக்கரம் தானாக மெல்லச் சுழன்று நூலை விட்டது. தலைக்கு நேர் மேலே இருந்த ரீங்காரம் நகர்ந்துகொண்டே போய், இருதயராஜ் விழுந்த பள்ளத்துக்கு மேலே நின்றது. கீழேயிருந்து யாரோ பிடித்து வைத்திருப்பது போல நூல் விறைத்தது.

பாக்கியநாதன் பெடலைப் பிடித்தார். "இறக்கிடுவோம் தங்கச்சி. தப்பான வழியைக் காட்டுறதுக்கு, வழியே காட்டாம இருக்கலாம்."

ரெஜினா நூலைக் கையில் சுற்றிக்கொண்டாள். "கையை எடுங்கண்ணே. அவர்தான் பிடிச்சிருக்காரு. என் தம்பியை அவரு சாக விடுவாரா? அவன் இருக்கிற இடத்தைக் காட்டுறாரு. கடைசி ஆள் வராம இறக்கக் கூடாதுன்னு அவரு சொன்னதை, அவரு செத்த அன்னைக்கே மீறுவீங்களா?"

தெய்வானை இடுப்பிலிருந்த அரிவாளை உருவினாள். "அறுத்து விட்டுருங்க. அறுந்த பட்டம் பிடிச்சவனுக்குத்தானே? எல்லா ஊர்லயும் அதுதான் வழக்கம். உங்க வீட்டுக்காரரு அதைக் கையில வாங்கிக்கிட்டார்னா உங்க தம்பியை விட்டுருவாரு."

கீழே பனிக்குள் சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்டது. பள்ளத்தை நோக்கித்தான் போனது. உற்றுக் கேட்டால் ஒரு சைக்கிள் அல்ல. ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு.

ஒருவர் இறக்கச் சொன்னார். ஒருத்தி அப்படியே விடச் சொன்னாள். ஒருத்தி அறுக்கச் சொன்னாள். மூன்று பேருக்கும் வேண்டியது லூர்துவின் உயிர்தான். இதில் யார் சொன்னது சரி?

விடை: பாக்கியநாதன் சொன்னதே சரி. தெய்வானை சொன்ன வழக்கம் மெய்தான். ஆனால் அறுந்த பட்டம் ரீங்கரித்துக்கொண்டேதான் பள்ளத்தில் இறங்கும், லூர்துவும் அதன் பின்னாலேயே இறங்குவான். ரெஜினா நம்பியதிலும் பொய் இல்லை. இருதயராஜ் கெடுதல் நினைக்கிறவர் அல்ல. ஆனால் செத்தவருக்குத் தான் செத்தது உடனே தெரிவதில்லை என்பார்கள். தான் போய்ச் சேர்ந்த இடத்தையே உச்சி என்று நினைத்துக்கொண்டு, நம் ஆளையும் பிரியமாகத்தான் கூப்பிடுவார். பிரியமாகக் கூப்பிட்டால் யார்தான் போக மாட்டார்கள்? அதனால்தான் அந்தக் குரலை நிறுத்த வேண்டியிருந்தது. பாக்கியநாதன் ரெஜினாவின் விரல்களைப் பிரித்துவிட்டுப் பெடலைச் சுற்றினார். ரீங்காரம் அடங்கியது. பனி விலகியபோது லூர்து பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கிடந்த அவன் சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் அவன் சொன்னான்: "மச்சான் முன்னாடி போய்க்கிட்டே இருந்தாருக்கா. நான் உட்கார்ந்ததும் திரும்பி வந்து, 'ஏன்டா உட்கார்ந்துட்ட, இன்னும் கொஞ்ச தூரந்தானே'ன்னாரு. எங்கே, இன்னும் மேல வரலையா?"