சல்லிசான ரிப்பேர்

"மறுபடியும் கழண்டுருச்சு அம்மிணி!"

காளியண்ணன் போனில் கத்திய கத்தலுக்கு வளர்மதி அரை மணி நேரத்தில் கல்குவாரிக்கு வந்துவிட்டாள்.

குழிக்குள் அவருடைய பழைய புல்டோசர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலது செயின் மண்ணில் நீட்டிக் கிடந்தது.

செயின் வண்டிகளுக்கு அடிப்பாகம் ரிப்பேர் பார்ப்பதுதான் வளர்மதியின் தொழில். புதுசு வாங்கு என்று யாரிடமும் சொல்ல மாட்டாள். தேய்ந்ததை வைத்தே ஓட்டிக் கொடுப்பாள். அதனால் எல்லோரும் அவளிடம் வருவார்கள். அவள் வாயைத் தாங்க முடிந்தவர்கள் மட்டும்.

போன முறை தேய்ந்த செயினிலும் ரோலர்களிலும் வெல்டிங் வைத்து ஏற்றினாள். அதற்கு முந்தின முறை செயின் கண்ணிகளை இணைக்கிற புஷ் குழாய்களைத் தட்டிக் கழற்றி, தேயாத பக்கம் வேலை செய்கிற மாதிரி திருப்பிப் போட்டாள்.

இன்றைக்குச் சுத்தியலையே எடுக்கவில்லை.

"என்ன அம்மிணி, பாத்துட்டே நிக்கறே? வெல்டிங் வெய்யி."

"எங்க வெக்கறது? செயின்ல இரும்பவிட என் வெல்டிங்தான் சாஸ்தியா இருக்குது."

"அப்ப புஷ்ஷத் திருப்பிப் போடு."

"திருப்பியாச்சுங்க. அதுக்கு ரெண்டு பக்கந்தான். மூணாவது பக்கத்துக்கு நா எங்க போறது?"

காளியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் அடித்தார்.

"பழைய இரும்புக்காரன் காத்தால வந்து டேப் புடிச்சு அளந்துட்டுப் போறான். கேக்காமயே! இந்த வண்டி போச்சுன்னா இந்த வயசுல நா கூலிக்குத்தான் போவோணும். என்னமோ ஒரு வழி சொல்லு. கிறுக்குப் புடிக்குது."

வளர்மதி வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனாள். அந்தச் செயினைக் கையால் தடவினாள்.

"இத எப்ப மாத்துனீங்க?"

"எங்க மாத்துனேன்? ரெண்டும் ஒரே நாள்ல போட்டது."

"அப்பறம் இது மட்டும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்ட மினுக்குதே?"

அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார்.

வளர்மதி குழியின் தரையைப் பார்த்தாள். தரை முழுக்கச் செயின் தடம். எல்லாத் தடமும் இடது பக்கமே வளைந்திருந்தது. ஒன்றுகூட வலது பக்கம் போகவில்லை.

இடது லீவரை இழுத்தால் இடது செயின் நின்று, வண்டி இடது பக்கம் திரும்பும். வலது செயின்தான் மொத்த வண்டியையும் இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். இது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். காளியண்ணனுக்கும் தெரியும். தெரிந்தே செய்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

"வலது லீவர் இறுக்கமா இருக்குதுங்களா?"

"லீவர் நல்லாத்தான் இருக்குது."

"பின்ன?"

"அந்தப் பக்கம் அவன் இருக்கறான்."

அந்தப் பக்கம், அதாவது வலது கைப் பக்கம், குவாரியின் மறுபாதி. பாகம் பிரித்தபோது தம்பி பழனியப்பனுக்குப் போனது. நடுவில் வேலிகூடக் கிடையாது. டிப்பர் நிழலில் உட்கார்ந்து பழனியப்பன் தூக்குப்போசியில் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அவம் மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆகாது."

"அதுக்குச் செயின் என்ன பண்ணுச்சு?"

"நீ மெக்கானிக்கு. இரும்பப் பத்திப் பேசு."

"இரும்பத்தானுங்க பேசறேன். கழண்டத மாட்டித் தர்றேன். இனிமே வலது பக்கமாத் திரும்புங்க. நல்ல செயின் வேலை செய்யட்டும், நோஞ்சான் ரெஸ்ட் எடுக்கட்டும். வண்டி இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்."

"இது ஒரு ரிப்பேரா?"

"இதவிடச் சல்லிசா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

முணுமுணுத்துக்கொண்டே செயினை மாட்டினாள். பின்னை அடித்து இறக்கினாள். கிரீஸ் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஏறுங்க. ஒரு தடவ வலது பக்கம் திருப்பிக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் போவேன்."

காளியண்ணன் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது.

அந்தப் பக்கம் பழனியப்பன் போசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வலது!" என்று வளர்மதி கத்தினாள்.

காளியண்ணனின் கை வலது லீவருக்குப் போனது. பிடித்தது. அப்படியே இருந்தது.

"இழுங்க!"

அவர் கையை எடுத்து இடது லீவரை இழுத்தார்.