கரடி காப்பாற்றிய தண்ணீர்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், கடைசியில் ஓர் உப்புக் குட்டை மட்டுமே மிஞ்சியது. ஆற்றுக்குப் போக இரண்டு நாள் நடக்க வேண்டும். பிறந்து நாலு நாளான மான்குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா, குழந்தைகளே?

நல்லவேளையாக அங்கே ஒரு தூக்கணாங்குருவி இருந்தது. அது புல்லை மெல்லிய நாராகக் கிழித்து உப்பை வடிகட்டும் ஒரு சவ்வு நெய்தது. அதைப் பெரிய மூங்கில் குழாயின் நுனியில் இழுத்துக் கட்டியது. ஒரு யானை குட்டைத் தண்ணீரை உறிஞ்சிக் குழாய்க்குள் ஊதும். நல்ல தண்ணீர் சவ்வைத் தாண்டிப் பாறைக்குழியில் விழும். மிச்சத் தண்ணீர் உப்பை வாரிக்கொண்டு குழாயின் பக்கவாட்டில் இருந்த துளை வழியாக வெளியே ஓடிவிடும். நான்கு குடம் ஊதினால் மூன்று குடம் குடிநீர்.

இதை மேற்பார்வை பார்க்க ஒரு கரடி வந்து சேர்ந்தது. அதற்கு நெய்யவும் தெரியாது, ஊதவும் தெரியாது. அதனால் அதிகாரம் செய்தது.

"அந்தத் துளையில் என்ன ஒழுகுகிறது?" என்று அதட்டியது.

"உப்புத் தண்ணீர், ஐயா" என்றது குருவி.

"தண்ணீர்தானே! இந்தக் கோடையில் ஒரு குடத்தைக் கீழே கொட்டுகிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?"

"அது வெளியே போகாவிட்டால் உப்பெல்லாம் சவ்விலேயே படிந்து இறுகிவிடும், ஐயா."

"இத்தனூண்டு மூக்கை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் நடத்துகிறாயா?"

கரடி துளையைக் களிமண்ணால் அடைத்தது. அடைப்பதற்கு ஒரு விழா, கழுத்தில் மாலை வேறு. கூட்டத்தில் இருந்த ஒரு குரங்கு வலிக்கும்வரை கைதட்டியது.

முதல் நாள் நான்கு குடமும் வந்தது. கரடியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சவ்வின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது.

"ஆகா! சவ்வே வெளுத்துச் சுத்தமாகிவிட்டது!" என்றது குரங்கு. கரடியும் பெருமையாகத் தலையாட்டியது.

ஐந்தாம் நாள் இரண்டு குடம். பத்தாம் நாள் அரைக் குடம்கூட வரவில்லை. மான்குட்டிகள் குழியோரத்து ஈரப் பாறையை நக்கின.

"துளையைத் திறந்து, எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவினால் இப்போதுகூடச் சரியாகிவிடும், ஐயா" என்று குருவி கெஞ்சியது.

"திறந்தால், நான் அடைத்தது தப்பென்று ஆகிவிடாதா? யானைதான் சோம்பேறி. பலமாக ஊதச் சொல்!"

யானை பலமாக ஊதியது. சவ்வு டப்பென்று கிழிந்தது. குழாய்க்குள் தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் முழுவதும் பாறைக்குழியில் கொட்டி, அடியில் கிடந்த கொஞ்சம் நல்ல தண்ணீரையும் கெடுத்தது.

யானை மான்குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. எல்லா விலங்குகளும் ஆற்றுக்குப் புறப்பட்டன. முதல் ஆளாக ஓடியது குரங்குதான்.

அவ்வளவு தூரம் நடக்கக் கரடிக்கு உடம்பு வளையவில்லை. "குருவியே, வேறு சவ்வு நெய்!" என்று கத்தியது.

"இருந்த புல்லும் காய்ந்துவிட்டது. மழை பெய்து புதுப் புல் முளைத்தால்தான் நார் கிடைக்கும், ஐயா."

"அதுவரை நான் எதைக் குடிப்பது?"

யானை திரும்பிப் பார்த்தது.

"குழி நிறைய இருக்கிறதே, ஐயா. எல்லாம் நீங்கள் காப்பாற்றிய தண்ணீர்தான். குடியுங்கள்."

நீதி: கழிக்க வேண்டியதைக் கழிக்க விடாதவன், காக்க வேண்டியதையும் இழப்பான்.