மணித்திரை மாட்டிய இடம்

சிங்காநல்லூரில், எதை எடுத்தாலும் பத்து ரூபாய் என்று பலகை போட்ட கடைக்கு மேலே ஓர் அறை. அங்கே ஜரீனா டீச்சர் கைவேலை சொல்லிக்கொடுத்தார். கீழே வாங்கிய பொருள் மேலே வந்ததும் வேறொன்றாகிவிடும். டீ வடிகட்டி பூவாகும். துணி கிளிப்புகள் படச்சட்டமாகும். பிளாஸ்டிக் கரண்டிகள் கைக்கண்ணாடியைச் சுற்றித் தாமரை இதழ்களாகும்.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். வேலையைத் தொடங்குமுன் ஒன்று மட்டும் கேட்பார். எங்கே மாட்டப்போறீங்க? சொன்ன பதில் சரியா தவறா என்று சொல்லமாட்டார். தலையசைத்துவிட்டுப் பசையை எடுத்துக் கொடுப்பார்.

தெய்வானை அந்த வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர். டீச்சருக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் டீச்சர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. சொல்லிக்கொடுக்கிறவர் சின்னவராக இருந்தால் மரியாதையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்றார்.

அவர் அங்கே வந்தது கணவருக்காக.

கிட்டுசாமி நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இருவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்தார்கள். எல்லா பிளாக்கும் ஒரே வெளிர் மஞ்சள். ஒரே மாதிரிப் படிக்கட்டு. ஒரே பழுப்புக் கதவு.

வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் கிட்டுசாமி நடந்துவிட்டுத் திரும்பினார். படியேறினார். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணி கொண்டா என்றார்.

அது பக்கத்து பிளாக். தண்ணீருக்குப் பதில் அலறல் வந்தது. ஓடிவந்த இளைஞர்கள் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே வரை இழுத்து வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். பரவாயில்லை தம்பி என்றார் கிட்டுசாமி. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

பால் வாங்கப் போகவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போகவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை, வெளியே நடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒன்றைத்தான் அவர் செய்யவில்லை. இப்படியே விட்டால் மனிதர் நாற்காலியோடு ஒட்டிப்போய்விடுவார் என்று தெய்வானை பயந்தார்.

"பழைய ஊட்டை நெனச்சு ஏங்கறாருங்க டீச்சர். அந்த ஊட்டையே இங்க கொண்டாந்துட்டா எந்திரிச்சிருவாரு. என்னென்ன வாங்கோணும், சொல்லுங்க."

அந்த வீட்டில் என்னென்ன இருந்தது என்று டீச்சர் கேட்டார்.

தெய்வானை சொல்லத் தொடங்கினார். மில்லில் நூல் சுற்றித் தீர்ந்த காகிதக் கோன்கள் வீட்டுக்கு வரும். அதற்குத் துணி சுற்றி, கண்ணும் மூக்கும் வைத்து, ஷோகேஸில் வரிசையாக நிறுத்துவார். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் கம்பளி நூல் சுற்றிப் பூச்சாடி. ஒடிந்த வளையல்களில் ஒரு தோரணம். முடிந்துபோன காலண்டரைக் கிழித்து, ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றி மணியாக்கி, வார்னிஷ் அடித்துக் கோத்த மணித்திரை. வெள்ளை மணிகளுக்கு நடுவே, உயரமாக ஒரு சிவப்புக் கட்டம். சிவப்புக்காகப் பக்கத்து வீட்டுக் காலண்டர்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கி வருவார். அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே, அந்த லைனிலேயே, அதுதான் எடுப்பாக இருந்தது.

அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. பிறகு ஒரு பெண், ஊட்டை அலங்காரம் பண்றீங்களா இல்ல மியூசியம் வெக்கறீங்களாக்கா என்று கேட்டாள்.

"வா கண்ணு. உன்னையும் ஒரு ஷோகேஸ்ல உக்கார வெக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஹால்லதாங்க. அவரு உக்காந்திருக்கற எடத்துல."

டீச்சர் தலையசைத்தார்.

கோன்கள் எங்கே கிடைக்கும்? கீழ்க் கடையில் பிளாஸ்டிக் புனல்கள் கிடைத்தன. கவிழ்த்து வைத்தால் அதே உருவம். தெய்வானை விலைச் சீட்டை உரித்து, கழுவி, துணி சுற்றி, கண் வைத்தார். பழைய பொம்மைகளின் முகம் அப்படியே வந்தது. கொண்டுபோய்க் கிட்டுசாமிக்கு எதிரே நிறுத்தினார். நல்லாருக்குது என்றார் அவர். அடுத்த வாரம் பூச்சாடி. அதற்கும் நல்லாருக்குது. வளையல் தோரணத்துக்கு அதுவும் இல்லை.

கடைசியாக மணித்திரையைத் தொடங்கினார். அதற்கு நாள் பிடித்தது. காலண்டர் தாளை நீள முக்கோணமாக வெட்ட வேண்டும். அகலப் பக்கத்திலிருந்து சுற்றினால் நடுவில் பருத்து ஓரம் மெலிந்த மணி வரும். வார்னிஷுக்குப் பதில் இப்போது நகப்பூச்சு. தாள் மணிகளுக்கு இடையில் கடையில் வாங்கிய முத்து. கோக்கத் தூண்டில் நரம்பு. ஒரு சரம் நீளம் தவறியதால் சிவப்புக் கட்டம் கோணலாகிவிட்டது. டீச்சர் கத்தரிக்கோலை நீட்டினார். தெய்வானை அவிழ்த்துவிட்டு மறுபடி கோத்தார்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் மாட்டினார். அன்று கிட்டுசாமி தண்ணீர் குடிக்க எழுந்தார். மணிகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது, வழியில தொங்குது பாரு என்றார்.

மறுநாள் தெய்வானை வகுப்புக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார்.

"அதே கட்டம், அதே செகப்புங்க. வெரல் மரத்துப்போற அளவுக்குப் பண்ணுனேன். ஏறெடுத்துப் பார்க்கமாட்டேங்கறாரு. ஏனுங்க டீச்சர்?"

டீச்சர் பசையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்ல, அவர் அதை எங்க இருந்து பார்ப்பாரு?"

நாற்காலியிலிருந்து என்று சொல்லத் தெய்வானை வாயெடுத்தார். அந்த வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

மில் சங்கு ஊதும். விடிந்தும் விடியாத நேரம். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் சந்துக்குள் திரும்புவார்கள். புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் நரைத்துப்போனது போல இருக்கும். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். தெய்வானை குழாயடியில் குடத்தோடு நிற்பார். சந்து முனையில் கிட்டுசாமியின் குனிந்த தலை தெரியும். சிவப்புக் கட்டம் கண்ணில் படுகிற இடம் வந்ததும் தலை நிமிரும். அதற்குப் பிறகு நடை வேகமாகும். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

"சந்து முக்குல இருந்துங்க," என்றார்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். சுத்தியலையும் நாலு ஆணிகளையும் பையில் போட்டுக்கொண்டு, வாங்க போலாம் என்றார்.

வீட்டில் கிட்டுசாமி நாற்காலியில் இருந்தார். டீச்சரைப் பார்த்ததும் துண்டைச் சரி செய்துகொண்டு, வாங்க அம்மிணி என்றார். டீச்சர் வணக்கம் சொன்னார். பிறகு யாரையும் கேட்காமல் சமையலறை வாசலிலிருந்து மணித்திரையைக் கழற்றினார். முக்காலியை எடுத்துக்கொண்டு வெளிக் கதவைத் திறந்தார். படிக்கட்டுப் பக்கம் போய் முக்காலியில் ஏறி, நிலையின் வெளிப்புறத்தில் ஆணி அடிக்கத் தொடங்கினார்.

தெய்வானை வாசலுக்கு விரைந்தார். ஃபிளாட்டில் யாராவது வெளியே மாட்டுவார்களா, பிளாக்கே சிரிக்குமே, வருகிற போகிற பிள்ளைகள் பிய்த்துவிடுவார்களே, ஜன்னல் வெயிலில் சிவப்பெல்லாம் வெளுத்துவிடுமே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டீச்சர் வாயில் ஆணிகளைக் கவ்வியிருந்ததால் பதில் வரவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, என்ன விசேஷம் என்று கேட்டார். விசேஷமெல்லாம் இல்லீங்க என்று தெய்வானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுத்தியல் சத்தம் கேட்டுக் கிட்டுசாமி எழுந்து வந்தார். வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"அம்மிணி, நல்ல பக்கம் வெளிய போயிருச்சு. எங்களுக்கு முடிச்சுதான் தெரியுது."

டீச்சர் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார். "அங்கே எப்படிங்க இருந்துச்சு?"

கிட்டுசாமி கழுத்தை நீட்டினார். மணிகளுக்கு இடையில் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு, அவருக்கே தெரியாமல், சிரித்தார்.

அங்கே லைன் முழுக்கப் பச்சைக் கதவு என்றார். ஷிப்ட் முடிந்து வருகிறவன் தூக்கத்திலேயே நடந்து வருவான். எவன் வீட்டுக்குள் எவன் நுழைவான் என்று சொல்ல முடியாது. இந்த மணித்திரை வருவதற்கு முன் ஒருநாள், வேலுச்சாமி என்கிறவன் இவர்கள் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்துத் தூங்கிவிட்டான். இருட்டில் தெய்வானை பார்க்கவில்லை. பனி கொட்டுகிறதே என்று போர்த்திவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். கிட்டுசாமி வந்து பார்த்தால் அவர் பாயில் இன்னொருத்தன்.

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?"

"எழுப்பறதுக்கு மனசு வரலீங்க அம்மிணி. நான் அவன் ஊட்டுக்குப் போய்க் காப்பி குடிச்சேன்."

"ஆமா, பெருமையைப் பாரு," என்றார் தெய்வானை. ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது. ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகுதான் பெண்கள் கதவுக்குக் கதவு ஓர் அடையாளம் கட்டினார்கள். ஒரு வீட்டில் வளையல், ஒரு வீட்டில் கோன், ஒரு வீட்டில் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. இதைத் தெய்வானை மறந்தே போயிருந்தார். மணித்திரையின் அழகு மட்டும்தான் ஞாபகத்தில் தங்கியிருந்தது.

கிட்டுசாமியின் சிரிப்பு மெல்ல நின்றது.

"அங்க ஊடு தப்பி வந்தவனைப் போத்திவிட்டோம்," என்றார்.

டீச்சர் கடைசி ஆணியை அடித்துவிட்டு இறங்கினார். முக்காலியை உள்ளே வைத்தார். காபி கிடைக்குமா என்று கேட்டார்.

பால் இல்லை. தெய்வானை பையை எடுத்தார். டீச்சர் அதை வாங்கிக் கிட்டுசாமியிடம் நீட்டினார்.

அவர் பையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போட வெகுநேரம் ஆயிற்று. மணிகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு படியில் இறங்கினார்.

தெய்வானை பின்னாலேயே கிளம்பினார். டீச்சர் வெளிக் கதவைச் சாத்தி, தாழ் போட்டார். திறந்தே இருக்கட்டுமே என்றார் தெய்வானை. டீச்சர் தரையில் உட்கார்ந்து, மணித்திரையைக் கழற்றியபோது உதிர்ந்து சிதறியிருந்த முத்துகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

பால் கடை குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில்தான். போனவர் வந்திருக்க வேண்டும். தெய்வானை பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். மஞ்சள் கட்டடங்கள் தெரிந்தன. அவர் தெரியவில்லை.

"மறுபடியும் அந்த பிளாக்குக்கே போயிட்டாருன்னா? இன்னொரு வாட்டி அப்பிடி ஆச்சுன்னா மனுசன் தாங்கமாட்டாருங்க டீச்சர். நான் கூடப் போயிருக்கோணும்."

டீச்சர் ஒரு முத்தை எடுத்து ஊதி, உள்ளங்கையில் போட்டுக்கொண்டார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான காலடி. கீழ்த் தளத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மேலே வந்தது. ஒரு படி, இன்னொரு படி. கதவுக்கு வெளியே வந்து ஓய்ந்தது.

அழைப்புமணி ஒலிக்கவில்லை. மணித்திரையில் ஒரு கை பட்டது மட்டும் கேட்டது. பட்டுவிட்டு, அப்படியே இருந்தது.

தெய்வானையால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஏனுங்க என்று கூப்பிட மூச்சை இழுத்தார். டீச்சர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிடாதீங்கம்மா. தன் வீடுன்னு அவராவே தட்டட்டும். நீங்க கூப்பிட்டா உங்க வீட்டுக்குத்தான் வருவாரு."