கமலவேணியின் பித்தக் குழாய்

“என் தப்பு மேடம். நானே சரி செஞ்சிடறனே,” என்றார் டாக்டர் ஈஸ்வரமூர்த்தி.

இருபத்தாறு வருடம் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர். சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்வதைக் கற்க, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய டாக்டர் நிலோஃபரிடம் வந்து சேர்ந்திருந்தார். அதற்கே பெரிய மனசு வேண்டும். ஆனால் வந்த இடத்திலும் அவசரம் மட்டும் போகவில்லை.

நோயாளி கமலவேணி, பனியன் கம்பெனி டெய்லர். ஐந்து வருடம் முன்பு அவருடைய பித்தப்பையை எடுத்தபோது, ஈஸ்வரமூர்த்தி பித்தக் குழாயின் ஓரத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். பிறகு சீழ் எடுக்க ஒன்று, குடல் ஒட்டியதற்கு ஒன்று என்று வேறு இடங்களில் இரண்டு ஆபரேஷன். இப்போது குழாய் சுருங்கி, கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. இந்தத் தடவையும் தவறினால் ஈரல் தாங்காது.

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார் நிலோஃபர்.

“ஆபரேஷன் முடியட்டும்னு...”

“சொல்லிட்டு வாங்க.”

“கோபத்துல ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்கன்னா?”

நிலோஃபர் ஸ்கேனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஈஸ்வரமூர்த்தி வார்டுக்குப் போய்ச் சொன்னார். கமலவேணி கையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

“அப்ப நீங்களும் உள்ள இருங்க டாக்டர்,” என்றார் கடைசியில். “எங்க கட்டுனீங்கன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்.”

ஈஸ்வரமூர்த்தி வராந்தாவில் நின்று அழுதார்.

மறுநாள் தியேட்டரில் நிலோஃபர் அவர் கையில் கேமராவைத்தான் கொடுத்தார்.

நான்கு சின்னத் துளைகள். உள்ளே குடலும் ஈரலும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தும் குழாய் தென்படவில்லை.

“திறந்திரலாமா மேடம்?” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

நிலோஃபர் கையை நிறுத்தினார். “சார், நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் கேமராவை மெல்ல நகர்த்தி, ஈரலுக்கு அடியில் ஒரு தழும்பைக் காட்டினார்.

“இங்கதான் கட்டினேன். நான்தான்.”

நிலோஃபர் அதற்குச் சற்று மேலே மெல்லிய ஊசியைச் செருகினார். பச்சை கலந்த மஞ்சளாகப் பித்தநீர் ஏறியது.

நர்ஸ் “அப்பாடா” என்றாள்.

இனி அடைப்புக்கு மேலே குழாயைத் திறந்து, குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டியதுதான். நிலோஃபர் தையல் கருவியை நீட்டினார்.

“தைக்கறீங்களா?”

“நீங்க தைங்க மேடம்,” என்ற ஈஸ்வரமூர்த்தி, கேமராவை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.