நீலம் ஏறாத செல்கள்

இசக்கிராஜுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து இழுப்புக்காரன், நோஞ்சான் என்று பெயரெடுத்தவன் அவன். அவனுடைய ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளையணுக்களோ, வீட்டுத் தூசியின் சாற்றை ஊற்றி நாலு நாளாகியும் சாகாமல் நிற்கின்றன. செத்த செல்லில்தான் நீலச் சாயம் ஏறும். செல்களை வளர்த்த அவன் கண்ணாடித் தட்டில் நீலத்தையே காணோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தட்டை ஏந்திக்கொண்டு பேராசிரியை ஃபெலிசிட்டாவிடம் போனான்.

"ஒண்ணுகூட சாகல மேடம். எல்லாம் வீரனுங்க."

அவர் நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகா வளர்த்திருக்கே. இன்னொரு தட்டு எங்கே?"

இன்னொரு தட்டில் இருந்தது அவருடைய ரத்தம். எந்தத் தூசிக்கும் தும்மாதவர் அவர். இசக்கிராஜ் சுவரைப் பார்த்தான்.

"அது சரியா வரல மேடம்."

"சரியா வரலன்னா?"

"அதே தூசிச் சாறுதான் ஊத்தினேன். உங்க செல்லு எல்லாம் நீலமாயிடுச்சு. பார்க்க மனசு கேக்கல. காலையில கொட்டிட்டேன்."

"எல்லாமே நீலமா?"

"எல்லாமே."

திட்டு விழும் என்று நின்றான். அவரோ, மகள் பரிசு வாங்கிய செய்தி கேட்டவர் மாதிரி முகம் மலர்ந்தார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சு வேறு இழுக்கத் தொடங்கியது.

"தூசிப் பக்கம் போயே ரெண்டு நாளாச்சு மேடம். இழுப்பு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"எங்கப்பா தீயணைப்பு வண்டியில இருந்தவர். ஒரு வீட்டுல சாம்பிராணிப் புகையைப் பார்த்துட்டு யாரோ கூப்பிட்டுட்டாங்க. போய்ப் பார்த்தா தீயே இல்ல. அப்பா குழாயைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டார். கூடப் போனவங்க வரல. தண்ணியைப் பீச்சிக்கிட்டே நின்னாங்க."

"வீடு என்னாச்சு?"

"சுவரெல்லாம் ஊறி இடிஞ்சுது. அவங்களும் வீரனுங்கதான்."

இசக்கிராஜ் தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். வீரர்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்போ நான் கொட்டினது..."

அவர் புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையை மேசைமேல் நீட்டினார்.

"எடு. புதுசா ஆரம்பி."

அவன் ஊசியை எடுத்தான். குத்த மட்டும் தயங்கினான்.

"திரும்பவும் செத்துப்போகும் மேடம். உங்க செல்லு செத்துப்போச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"தலை நிமிர்ந்து எழுது. வேலை இல்லைன்னு தெரிஞ்சதும் போயிட்டாங்கன்னு எழுது."